உள்ளங்கை எந்தப் பக்கம்

உள்ளங்கை தன்னைப் பார்த்தால் வாங்குகிறான்.
வெளியே பார்த்தால் விற்கிறான்.
சிகாகோவில், சோயா ஆப்ஷன் குழியில்
இலக்கணம் இவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் கூச்சல்.
நான் அந்தக் கூச்சலை எழுதிவைக்கும் குமாஸ்தா.

ஆல்கிஸ் கிரிகோனிஸின் கை
பதினொரு வருடமாக வெளியேதான் பார்த்தது.
மஞ்சள் கோட்டு, கிழிந்த பையில் இருமல் மிட்டாய்.
சோயா ஏழு டாலரில் படுத்துக் கிடக்கும்;
எட்டுக்கு மேல் போகாதென்று கால் விற்பான்,
ஆறுக்குக் கீழ் விழாதென்று புட் விற்பான்.
நடுவே ஒன்றும் நடக்காத நாட்கள்தான் சம்பளம்.
உப்பையும் உமியையும் ஒரே வண்டியில் ஏற்றி
மழையும் வேண்டாம், காற்றும் வேண்டாம் என்று
ஓட்டிப் போகிறவன்.

பெரும்பாலும் இரண்டும் வராது.
அதுதான் அந்தத் தொழிலின் விஷம்.
அவன் தூங்கும்போதும்
அவன் விற்ற சீட்டுகள் யார் யார் பையிலோ
பனிக்கட்டியாய்க் கரையும்,
சனி ஞாயிறும் சேர்த்து.
கரைந்த நீரெல்லாம் அவன் குடத்தில்.

எதிர்ப்படியில் வெர்னீஸ்.
ஒன்பதரை டாலர் கால், நாலரை டாலர் புட்:
யாரும் திரும்பிப் பார்க்காத தூரத்து விலைகள்.
அரைக்கால் சென்ட்டுக்கு வாங்குவாள்,
ஒப்பந்தத்துக்கு ஆறேகால் டாலர்.
மாதாமாதம் பூஜ்யமாகும்.
"வாடகை கட்டுகிறேன்" என்பாள்.
"வீட்டுக்கு இல்லை. ஓடிப்போகிற கதவுக்கு."

ஜூன் கடைசி.
சனிக்கிழமை ஐயோவாவின் மேல்
மேகத்தை அண்டவிடாத உயர் அழுத்தம் ஒன்று
வந்து உட்கார்ந்தது,
கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி.
திங்கள் மணியடித்த நாலாவது நொடியில்
ஃபியூச்சர்ஸ் உச்சவரம்பில் ஒட்டிக்கொண்டது.
விற்க ஆளில்லை.
எங்கள் குழி மட்டும் திறந்திருந்தது,
தீப்பிடித்த கொட்டகையின் ஒரே சன்னல்.

ஆல்கிஸின் கை திரும்பியது.
அந்த உள்ளங்கையை அவனே
அதற்குமுன் பார்த்திருப்பானா தெரியாது.
மூன்று சென்ட்டுக்கு விற்ற கால்களைப்
பதினெட்டுக்குத் திருப்பிக் கேட்டான்.
இருபத்திரண்டுக்குக் கேட்டான்.
தன் நிழலை மிதிக்க ஓடுகிறவனுக்குப்போல
விலை ஓரடி முன்னால் நகர்ந்தது.

இதை மட்டும் அழுத்தி எழுதுகிறேன்:
சோயா அப்போதும் எட்டைத் தொடவில்லை.
அவன் போட்ட வேலிக்குள்ளேதான் மேய்ந்தது.
ஏறியது பயம்.
பயத்துக்கும் அந்தக் குழியில் விலை உண்டு,
அதையும்தான் இத்தனை வருடம் விற்றிருந்தான்,
மலிவாக.

எட்டு கிடைக்காதபோது ஒன்பதரையைக் கேட்டான்,
நஷ்டத்துக்கு ஒரு கூரையாவது இருக்கட்டுமென்று.
வெர்னீஸ் அவனையே பார்த்தாள்.
உள்ளங்கையை வெளியே காட்டினாள்.
ஆறு சென்ட். அவளிடமிருந்ததில் பாதி.
இன்னும் கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பான்.

செவ்வாய் காலை மார்ஜின் கட்ட முடியவில்லை.
கணக்கைத் தீர்க்கும் கம்பெனி
அவன் நிலைகளையெல்லாம் இருந்த விலைக்கு முடித்தது.
கோட்டிலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டது.

வியாழக்கிழமை மழை.
எட்டு டாலர் கால் நாலு சென்ட்டுக்கு இறங்கியது.
இரண்டு நாள் மூச்சைப் பிடித்திருந்தால்
உப்பும் விற்றிருக்கும், உமியும் விற்றிருக்கும்.
மூச்சைப் பிடிக்கவும் பணம் வேண்டும்.

வெர்னீஸின் மீதிப் பாதியும் கரைந்து
அரைக்காலுக்கே வந்தது.
ஏன் பாதி மட்டும் விற்றாய் என்றேன்.
"தெரியாது, அதனால்தான் பாதி."
சலிப்போடு மென்சில் கூர் தீட்டினாள்.

லசால் தெருவில் ஆல்கிஸ் நின்றிருந்தான்,
கோட்டில்லாமல், குடையில்லாமல்.
கையை நீட்டியிருந்தான்,
உள்ளங்கை வானத்தைப் பார்த்து.
எங்கள் குழியில் அந்தச் சைகைக்கு அர்த்தம் இல்லை.

"காப்பி வாங்கித் தா" என்றான்.
பையைத் துழாவினேன்.
ஒரு ஐந்து, ஒரு ஒன்று, ஒரு கால் டாலர் நாணயம்.
இருவரும் ஒரே நேரத்தில் எண்ணி முடித்தோம்.
அவன்தான் முதலில் சிரித்தான்.